ஈரத்தோடு திணித்தது

"காயவச்சேன்னு சொன்னியா இல்லையா, அதை மட்டும் சொல்லு—"

"கொடியில போட்டேன் அண்ணி, போட்ட உடனே மழை—"

"மழை உனக்கு மட்டும் தனியா பெஞ்சுதா? தெருவுக்கே பெஞ்ச மழை—"

"தெருவுல எல்லாரும் டீக்கடையிலயா வேலை பாக்குறாங்க? எனக்கு வர்றது பூரா பால் கவர். பிஸ்கட் கவர்னா ஒரு உதறு உதறினா காஞ்சிடும். பால் கவரை—"

"மெதுவா. மெதுவா பேசு. உங்க அண்ணன் குளிச்சிட்டிருக்காரு."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே சந்தில், வாளியில் குவளை இடிக்கிற சத்தம் கேட்டது. கொத்தனார் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எதையோ முனகினார். பாட்டு என்றே சொல்லலாம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு அவர் பாடியதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில், தரையில், ஒரு பாட்டில் கிடந்தது. கவர்களைத் திணித்து அடைத்த சாதாரண பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். ஆனால் வயிறு உப்பியிருந்தது, மூடி இல்லை. சற்று முன்பு அந்த மூடி தானாகத் தெறித்து, சோற்றுப் பானையின் தட்டில் மோதி, அடுப்புக்குப் பின்னால் விழுந்திருந்தது. முதலில் கேஸ்தான் வெடிக்கிறதென்று இரண்டு பெண்களும் வாசலுக்கு ஓடினார்கள். பிறகுதான் வாடை வந்தது. புளித்த பால் வாடை. அறையை விட்டு அது போவதற்கும் வழியில்லை.

அறை என்று ஒன்றுதான். அதிலும் முக்கால்வாசியைப் பாட்டில்கள் பிடித்துக்கொண்டிருந்தன. தெருக்கோடியில் எழும்புகிற கட்டடத்துக்குப் போக மிஞ்சியவை, தேவைப்படலாம் என்று வைத்தவை, எல்லாம் சுவரோரமாகக் கூரைவரை அடுக்கியிருந்தது. ஜன்னல் அந்த அடுக்குக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. மழை தொடங்கியதிலிருந்து அதை யாரும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த தரையில் கொத்தனாரும் மனைவியும் தங்கையும் ஒருக்களித்துப் படுப்பார்கள். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்ற இருவரும் திரும்ப வேண்டும்.

"கழுவினியா, கழுவவாவது செஞ்சியா?" என்றாள் மனைவி, குரலைத் தரையோடு வைத்து.

"கழுவாம இருப்பேனா. கடையில ஒரு வாளித் தண்ணிதான் குடுப்பாரு. அதுலதான் டம்ளர் கழுவணும், அப்புறம் கவர். கடைசிக் கவரைக் கழுவுறப்போ அந்தத் தண்ணியே டீ மாதிரி இருக்கும்."

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விட்டீங்களா? வாசல்ல உக்காந்துகிட்டு, ம், அடுத்தது, ம், அடுத்தது. என் பாட்டிலை மட்டும் நாலு பேர் முன்னாடி தூக்கிக் காட்டி, பாருங்கடி, இப்படி அடைக்கணும்னீங்க. அந்த நேரத்துல போய் இது ஈரம்னு சொல்லவா?"

"சொல்லியிருக்கணும்."

"என்னைப் பாத்து யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி எவ்வளவு காலமாச்சு, தெரியுமா அண்ணி உங்களுக்கு."

மனைவி பாட்டிலைத் தூக்கிக் கவிழ்த்தாள். பச்சையாக நாலு சொட்டு விழுந்தது.

அவளைத் தெருவில் எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். படிப்பு ஒன்றும் கிடையாது. தெருக்கோடியில் குப்பை மலையாகக் கிடந்த மனையில் பிள்ளைகளுக்கு ஒரு கூடம் கட்டுவது என்று முடிவானபோது வந்த பேர் அது. பெரியவர்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகள் வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கிற தெரு. செங்கல்லுக்கு வழியில்லை, குப்பைக்குக் குறைவில்லை. போனில் யாரோ காட்டிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கொத்தனார்தான் சொன்னார், காலி பாட்டிலுக்குள் கவர்களைப் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தால், மூடியை முறுக்கிய பிறகு அது கல். படுக்கப் போட்டு, நடுவில் மண்ணும் கொஞ்சம் சிமெண்டும் பூசி, கழுத்துக்குக் கழுத்து நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டே போனால் சுவர். கழுவணும், காயணும், திணிக்கணும் என்று மூன்றே வார்த்தையில் எல்லாருக்கும் பாடம் சொன்னார். பாட்டிலைச் சோதித்து வாங்குகிற வேலை மனைவிக்கு. அவள் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டுவாள், கட்டைவிரலால் வயிற்றை அமுக்குவாள், கடைசியில் மேலேயே ஏறி நிற்பாள். நசுங்கினால், "பட்டினி போட்டிருக்கே, இன்னும் கொஞ்சம் ஊட்டிக் கொண்டா" என்று திருப்பி அனுப்புவாள். பாதிப் பேர் பாட்டில் திரும்பும்.

நாத்தனாருடையது மட்டும் திரும்பியதே இல்லை. ஆட்டினால் சத்தமில்லை, அமுக்கினால் பிடி கொடுக்கவில்லை. ஈரக் கவர் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு இறங்கி இண்டு இடுக்கெல்லாம் நிறைந்திருந்ததை அமுக்கிப் பார்க்கிற கட்டைவிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

"உன் பாட்டில் எல்லாம் எங்க போச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள் டாக்டரம்மா.

"மேக்குச் செவுரு."

"மேக்குச் செவுத்துல எங்க?"

"ஜன்னலுக்கு மேல."

"இன்னைக்கு அதுக்கு மேல என்ன வரப்போகுது?"

உத்திரம் வரப்போகிறது என்று தெருவுக்கே தெரியும். நல்ல பாட்டிலா பாரம் விழுற இடத்துக்குக் குடு என்று கொத்தனார் கேட்டபோது, பொறுக்கி எடுத்துத் தூக்கிக் கொடுத்தது டாக்டரம்மாவின் கைதான்.

"அப்போ ஏத்த வேணாம்னு சொல்லிடுங்க அண்ணி."

"யாரு? நானா, நீயா?"

கதவு திறந்தது. கொத்தனார் ஈரத்தலையோடு, இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன வாடை?"

"பால் திரிஞ்சு போச்சு" என்றாள் மனைவி. பாட்டில் அவள் முந்தானைக்குள் போயிருந்தது.

"போனா போவுது. கறுப்பு டீ போடு." தலையைத் துவட்டிக்கொண்டு, அடுக்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த இடத்தில் பக்கவாட்டாகக் காலை மடக்கி உட்கார்ந்தார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலேருந்து நர்ஸம்மா வர்றாங்களாம், உத்திரம் ஏத்துறதைப் பாக்க. அவங்களுக்கு மருந்து குடுக்க ஒரு ரூம் கட்டணுமாம். இதே மாதிரி, பாட்டில்ல. பாத்துட்டுப் பிடிச்சிருந்தா நாளைக்கே வேலையை ஆரம்பிங்கன்னு சொல்லிவிட்டிருக்காங்க." தங்கையைப் பார்த்தார். "பாப்பா, அந்த வேலை மட்டும் வரட்டும். முதல் காரியம் உனக்கு ஒரு ரூம். தனியா. உள்பக்கம் தாழ்ப்பாள் வச்சு."

பாப்பா என்று அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் பாப்பாவாகிவிட்டாள். முப்பது தாண்டியவள். புருஷன் லாரி ஓட்டுகிறான். வெளியூர் போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். சாவி அவனோடு ஊர் ஊராகச் சுற்றும். ஒருமுறை மூன்றாம் வீட்டுக்காரர் ஆணியைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டார். அன்று ஒரு பையோடு வந்தவள்தான்.

"வேலை வரலைன்னா அண்ணே?"

கொத்தனார் டீயை ஆற்றினார். "வராம என்ன? வரலைன்னா... அவனும் போன் பண்ணிக்கிட்டேதான் இருக்கான். புத்தி வந்துடுச்சுங்கிறான். இனிமே பூட்ட மாட்டேங்கிறான்." குடித்தார். "இந்த ஒரு ரூமுல மூணு பேர் எவ்வளவு காலத்துக்கு, நீயே சொல்லு. கட்டடம் முடியட்டும். உன் விஷயம் பேசலாம்."

"ஏங்க" என்றாள் மனைவி. "அந்த மேக்குச் செவுத்துல ஏதோ சத்தம் வருது."

"வெயில் ஏறினா பிளாஸ்டிக் விரியும். தகரம் சத்தம் போடலையா?"

"வெயில் இல்லாதப்பவும் வருதே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபமில்லை. கெஞ்சுகிற முகம்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு எதுவும் சொல்லாதே. நாளைக்கு நீ திட்டு, அடி, என்ன வேணா செய். இன்னைக்கு அந்த உத்திரத்தை ஏத்தி வச்சுடறேன்."

அவர் போனபிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மண் குழைக்கத் தண்ணீர் வேண்டும். வானம் மறுபடி தாழ்ந்திருந்தது. காற்று இல்லை. சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டுகிற புழுக்கம். தெருவின் இரண்டு பக்கமும் கொடிகளில் துணி காயாமல் தொங்கியது. நடுவில் குனிந்து குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

கூடம் நாலு சுவரோடு, மேலே திறந்து நின்றது. பூச்சு இன்னும் பாக்கி. வெளிப்பக்கம் பாட்டில்களின் அடி வட்டம் வட்டமாகத் தெரிந்தது, உள்பக்கம் கயிறு கட்டிய கழுத்துகளும் சிவப்பு, பச்சை, நீல மூடிகளும். கிழக்குச் சுவரின் ஓரத்தில் இஸ்திரிக்காரி வண்டியை நிறுத்தியிருந்தாள். அவளுடைய குழந்தை, பழைய துண்டால் வண்டிக் காலோடு இடுப்பில் கட்டப்பட்டு, துண்டு எட்டுகிற வரைக்கும் நடந்து, எட்டாத இடத்தில் நின்று அழுது, திரும்பி வந்துகொண்டிருந்தது.

"வாங்க டாக்டரம்மா. இந்தப் பூனையைக் கொஞ்சம் விசாரிங்க" என்றாள் இஸ்திரிக்காரி. "காலையில வந்ததிலேருந்து செவுத்தை நக்குது. விரட்டினா போயிட்டுத் திரும்ப வருது. உங்க வீட்டுக்காரர் சிமெண்ட்டுல வெண்ணெய் கலந்தாரா?"

டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தாள். பிறகு நின்றாள். "இது கிழக்குச் செவுரு."

"ஆமா. நேத்துப் பொறந்த செவுரா? கிழக்குதான்."

"இதுல யாரு பாட்டில்?"

"என்னோடதும் இருக்கு. பூக்காரம்மாவோடது, ஆட்டோக்காரர் வீட்டோடது. ஏன்க்கா?"

டாக்டரம்மா குடத்தை இறக்கிவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எக்கி, ஜன்னலுக்கு மேலே வைத்தாள். உள்ளே எதுவோ மெல்ல முறுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு சொடக்கு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாட்டிலைச் சுற்றி மண்ணில் தலைமுடி போல ஒரு விரிசல் வளையமாக ஓடியிருந்தது.

"நீ கவரைக் காயவச்சுத்தானே அடைச்சே?"

"நல்லா கேட்டீங்க" என்றாள் இஸ்திரிக்காரி, பெட்டியைத் துணியில் ஓட்டிக்கொண்டே. "காயவச்சு அடைச்சதையெல்லாம் திருப்பி அனுப்பினீங்க. பட்டினி, ஊட்டுன்னு. அப்புறம் பாப்பா பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இவகிட்ட கத்துக்குங்கடின்னு சொன்னீங்க. போய்க் கேட்டோம். ஈரத்தோட திணிங்க, வழுக்கிட்டு இறங்கும்னுச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுகூடத் திருப்பலையே. எங்களுக்கும் கை வலி மிச்சம்."

உண்மைதான். மழை தொடங்கிய பிறகு ஒரு பாட்டிலும் திரும்பவில்லை. பெண்கள் ஒருவழியாக வேலை கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று டாக்டரம்மா அன்று கணவனிடம் பெருமையாகச் சொன்னாள்.

"யாரு யாரு அப்படி அடைச்சீங்க?"

"யாரு அடைக்கலைன்னு கேளுங்க." இஸ்திரிப் பெட்டி நின்றது. "ஏன்க்கா? தப்பா?"

டாக்டரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். அவள் குடத்தை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பான்னு கேக்குறேன்" என்றாள் இஸ்திரிக்காரி. "என் பிள்ளை இதுக்குள்ளதான் தூங்கப் போவுது. இந்த முடிச்சை அவுத்துடலாம்னுதான் நான் காத்துக்கிட்டிருக்கேன்."

"இரு. இரு, சொல்றேன்."

நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே சுவருக்கும் அடுத்த வீட்டு மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்தான். எதிரெதிரே நின்றால் மூச்சு முகத்தில் படும்.

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தியா?"

"வந்து கேட்டாங்க அண்ணி. என்னையும் ஒரு ஆளா மதிச்சு, வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க."

"வேணும்னே பண்ணினியா? உண்மையைச் சொல்லு. கட்டடம் முடிஞ்சா உன் விஷயம் பேசலாம்னாரே. முடியாம இழுத்துக்கிட்டே கிடக்கட்டும்னு—"

"முடியணும்னுதான் அண்ணி அவ்வளவு வேகமா அடைச்சேன்."

டாக்டரம்மா மதிலில் சாய்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் மதில், மூக்குக்கு முன்னால் நாத்தனார், அவளுக்குப் பின்னால் தன் கையால் சோதித்து எடுத்த சுவர்.

"இப்ப சொன்னா என்ன ஆகும்?" என்றாள் பாப்பா.

"நாலு செவுத்தையும் ஜன்னல் வரைக்கும் இறக்கணும்."

"இறக்கினா?"

"நர்ஸம்மா பாத்துட்டுப் போயிடுவாங்க. நாலு செவுரும் இடிஞ்சு கிடக்கிறவரைக் கூப்பிட்டு யாரு வேலை குடுப்பாங்க?"

"அப்போ நான் கிளம்பணும்."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க சொல்ல மாட்டீங்க. அண்ணன் சொல்லுவாரு. அவர் மேலயும் தப்பில்லை, எனக்குத் தெரியும். ராத்திரி நீங்க ரெண்டு பேரும் எனக்காக மூச்சை அடக்கிக்கிட்டுப் படுக்குறீங்க." குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "சொல்லலைன்னா?"

சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரியின் குழந்தை துண்டு எட்டாத இடத்துக்கு வந்துவிட்டது போலும். அழுகை கேட்டது.

"சொல்லாம இருக்க முடியாது பாப்பா."

"ஒரு செவுருன்னு சொன்னா?"

"என்ன?"

"மேக்குச் செவுரு மட்டும். என் பாட்டில் மட்டும்னு. ஒரு செவுத்தை இறக்கிக் கட்டுறது பெரிய விஷயமா? எந்தக் கொத்தனாரும் செய்யுறதுதானே. நர்ஸம்மாகூட, தப்பு தெரிஞ்ச உடனே திருத்திட்டாருன்னு நினைப்பாங்க."

"மத்த மூணு?"

வாசல் பக்கம் ஆள் சத்தம் கூடிவிட்டது. யாரோ, "ஏய், பாத்து, பாத்து, முனை இடிக்குது" என்றார்கள். உத்திரம் வந்துவிட்டது.

அவர்கள் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கொத்தனார் உள்ளே சாரத்தில் ஏறியிருந்தார். ஒரு காலை வைத்து, அதன்மேல் மற்ற காலைச் சேர்த்து, பலகை பலகையாக. உத்திரத்தின் ஒரு முனையைக் கிழக்குச் சுவரின் தலையில் ஏற்றியாகிவிட்டது. மறுமுனையை ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தோளில் வாங்கி, ஏணிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரருக்கு இப்போதே முகம் சிவந்துவிட்டது. பெண்கள் கதவு வைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இஸ்திரிக்காரி குழந்தையை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். கண் டாக்டரம்மாவின் மேலேயே இருந்தது.

குடையைக் கைப்பைக்குள் சொருகியபடி ஒரு அம்மாள் உள்ளே நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் டாக்டரம்மாவா?" என்றார். "நான் வெறும் நர்ஸுதாங்க. எனக்கு மரியாதையெல்லாம் வேணாம்." எல்லாரும் சிரித்தார்கள். "ஒவ்வொரு பாட்டிலும் உங்க கைபடாம இதுக்குள்ள போகலையாமே. உங்க வீட்டுக்காரர் வாய் ஓயாம சொல்றாரு. எங்க பக்கத்துக்கும் நீங்கதான் வரணும். சும்மா சொல்லலை. எங்க ஆளுங்க நாளைக்கு ஆரம்பிக்கச் சொன்னா நாளைக்கே தயார்."

மேலேயிருந்து கொத்தனார் அதைக் கேட்டார். கேட்டது முகத்தில் தெரிந்தது.

"ஏங்க" என்றாள் டாக்டரம்மா, நிமிர்ந்து. "கொஞ்சம் இறங்கி வாங்களேன்."

"ஏறினதே பெரும்பாடு. அங்கேருந்தே சொல்லு."

"இங்க வச்சுச் சொல்ல முடியாது."

"கொத்தனாரே, குடும்ப விவகாரத்தை அப்புறம் வச்சுக்கங்க" என்றார் டீக்கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. "தோள் போவுது."

"தூக்கு" என்றார் கொத்தனார். "மெள்ள. என் பக்கமா."

உத்திரத்தின் முனை அசைந்து மேற்குச் சுவரின் மேல் விளிம்பைத் தொட்டது. முழுப் பாரமும் இன்னும் இறங்கவில்லை. அதற்குள், உள்ளிருந்து, ஒரு அடி விழுந்த மாதிரி சத்தம். ஜன்னலுக்கு மேலே ஒரு சிவப்பு மூடி தெறித்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, எதிர்ச் சுவரில் பட்டு, நர்ஸம்மாவின் காலடியில் சுழன்றது. கூடவே ஒரு கை மண்ணும் உதிர்ந்தது. பின்னாலேயே அந்த வாடை.

தோளில் உத்திரத்தோடு நின்ற நாலு பேருக்கும் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

"என்ன அது?" என்றார் ஆட்டோக்காரர், எதிரே இருந்த உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "ஏத்தவா, இறக்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

நர்ஸம்மா குனிந்து மூடியை எடுத்து முகர்ந்தார். "பால்" என்றார்.

"என்னோடது அண்ணே." பாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். குடம் இன்னும் இடுப்பில்தான் இருந்தது. "டீக்கடைப் பால் கவர். ஈரத்தோட அடைச்சுட்டேன். அண்ணிக்குத் தெரியாது, அண்ணிகிட்ட காஞ்சதுன்னு பொய் சொன்னேன். என் பாட்டில் பூரா இந்தச் செவுத்துலதான் இருக்கு. மேக்குச் செவுத்துல மட்டும். இதை இறக்கிக் கட்டிட்டா சரியாயிடும்."

இஸ்திரிக்காரி வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு டாக்டரம்மாவைப் பார்த்தாள். குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தது.

"ஒரு செவுருன்னா பரவாயில்லையே" என்றார் நர்ஸம்மா, யோசித்துக்கொண்டே. "முதல்லயே தெரிஞ்சதும் நல்லதாப் போச்சு. அதைத் திருப்பிக் கட்டுங்க, நாங்க காத்திருக்கோம்."

கொத்தனார் தங்கையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. சாரத்தின் மேல் குந்தி, ஒரு கையால் உத்திரத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மெதுவாக நீட்டி, தன் பக்கத்தில் இருந்த வடக்குச் சுவரின்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"மேக்குச் செவுரு மட்டும்தானே? எல்லாத்தையும் நீதானே பாத்துப் பாத்து எடுத்தே. சொல்லு, அது ஒண்ணு மட்டும்தானே?"